பொது ரேடியோவும் தனித்தனிக் காதுகளும்

(முன்னாள் மாணவர் கூடுகையின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'இணையமும் இசை ரசனையும்'. நான் பாட்டுக்காரன் இல்லை. இங்கே 1979 முதல் 82 வரை இயற்பியல் படித்தவன். 1984-ல் தொலைபேசி இலாகாவில் சேர்ந்து, அது பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அங்கேயே இருந்து, 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். ஊர் ஊராய் இன்டர்நெட் கம்பி இழுத்தவனே வந்து பதில் சொல்லட்டும் என்று செயலாளர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. (சிரிப்பு)

நான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். நேற்று ராத்திரி நடந்ததைப் பார்த்த பிறகு அதைப் பையிலேயே வைத்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கலை நிகழ்ச்சிக் குழு ஒன்று கூடியது. இன்றைக்கு மாலை பழைய மாணவர்களும் புதிய மாணவர்களும் ஒன்றாக மேடையேறி ஒரே ஒரு பாட்டுப் பாட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எந்தப் பாட்டு? ஒன்பது மணிக்கு ஆரம்பித்த பேச்சு பன்னிரண்டுக்கும் முடியவில்லை. எங்க செட் ஆட்கள் 'நிழல்கள்', 'ஜானி' என்றோம். 95 செட்காரர்கள், "அண்ணே, ரஹ்மான் இல்லாம ஒரு மேடையா?" என்று கிளம்பினார்கள். சரி, இது பழைய சண்டை. 92-ல் 'ரோஜா' வந்ததிலிருந்து நடப்பது. பிள்ளைகளைக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று அவர்கள் பக்கம் திரும்பினோம். "நீங்க சொல்லுங்கப்பா. உங்க எல்லாருக்கும் முழுசாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு."

எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு தங்கச்சி கொரியாக்காரப் பையன்கள் பாடுவதைத்தான் கேட்பாளாம். பொருள் தெரிந்து கேட்கிறாள், அதற்காகவே கொரிய எழுத்துப் படித்திருக்கிறாள். ஒரு தம்பிக்கு வடசென்னைக் கானா. இன்னொரு தம்பி, "எனக்குப் பாட்டே வேண்டாம் சார், வெறும் பீட் போதும், படிக்கும்போது பின்னாடி ஓடும்" என்றான். இதில் கொரியப் பாட்டுக் கேட்கும் பெண்ணும் கானா கேட்கும் பையனும் ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து பெஞ்ச். மூன்று வருஷமாக ஒருத்தர் கேட்கிறதை இன்னொருத்தர் கேட்டதே இல்லையாம்!

எங்கள் ஆட்களுக்கு உடனே வருத்தம் வந்துவிட்டது. "நம்ம காலத்துல..." என்று ஆரம்பித்தார்கள். நானும் ஆரம்பித்தேன்தான். ஆனால் அந்த 'நம்ம காலம்' எப்படி இருந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாமா?

நம்ம விடுதியில் நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரே ஒரு ரேடியோ. பொது அறையில், மரப்பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு, சாவி விடுதிக் காப்பாளரிடம். காலையில் திறந்தால் இலங்கை வானொலி. கடலுக்கு இந்தப் பக்கம் நமக்கு, சென்னையைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். பொங்கும் பூம்புனல், பிறந்தநாள் வாழ்த்து, இசையும் கதையும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம், இவர்கள் குரல் எல்லாம் எங்கள் சித்தப்பா, அத்தை குரல் மாதிரி. அறிவிப்பாளர் மூச்சு விடுவதை வைத்தே அடுத்து என்ன பாட்டு வரும் என்று சொல்கிற ஆட்கள் நம் செட்டில் இருந்தார்கள். இந்த அரங்கத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இந்த இலங்கை வானொலி நமக்கு எப்படிக் கிடைத்தது என்பது ஒரு கதை. தம்பிமார் தெரிந்துகொள்ள வேண்டும். 1952-ல் மத்தியில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைக் குறைத்துக் குறைத்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே ஆக்கினார். அதற்கு முன்பே 1940-லிருந்து அங்கே ஆர்மோனியத்துக்கும் தடை இருந்தது. அது முப்பது வருஷம் நீடித்தது. இலங்கையிலோ, உலக யுத்தத்தின்போது ராணுவம் வைத்துவிட்டுப் போன பெரிய ஒலிபரப்புக் கருவி சும்மா இருந்தது. ஜனங்கள் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். இந்திக்காரர்களும் திருப்பினார்கள், நாமும் திருப்பினோம். டில்லிக்கு உறைத்து 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்குவதற்குள் ஐந்து வருஷம் போய்விட்டது.

ஏன் இதைச் சொல்கிறேன்? நாம் 'பொது ரசனை' என்று ஏங்குகிறோமே, அது ஏதோ ஜனங்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது இல்லை. ஒரு அமைச்சர், ஒரு கொழும்பு நிலையம், நாலு இசையமைப்பாளர், நம்ம விஷயத்தில் சாவி வைத்திருந்த விடுதிக் காப்பாளர், இவர்கள் முடிவு செய்தது. இருப்பது ஒரே ஜன்னல் என்றால் எல்லோரும் அதன் வழியாகத்தானே பார்க்க வேண்டும்? 1980-ல் 'ஒருதலை ராகம்' வந்தபோது விடுதியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் டீக்கடை டீக்கடையாக நடந்தால் ஒரு பாட்டை விட்ட இடம் தெரியாமல் கேட்டுவிடலாம். கல்லூரிக் கதை வேறு. அந்த வருஷம் தாடி வைக்காதவன் ஆண்பிள்ளை இல்லை. (சிரிப்பு) அந்தப் பாட்டெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். பிடித்ததா என்று கேட்டால், பாதிதான் பிடித்தது. மீதிப் பாதியைப் பிடிக்காமலே மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிடிக்காத பாட்டு மனப்பாடம் ஆவது என்பது இன்றைக்கு யாருக்கும் நடக்காத காரியம். விரலால் தள்ளிவிட்டால் அடுத்தது வந்துவிடும். எனக்கு எம்.எஸ்.வி. பாட்டு அப்போது ஆகாது, கிழவர் சங்கீதம் என்பேன். எதிர்க் கட்டில்காரன் கேட்கிறானே என்று சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் வருஷம் ஒரு நாள் அதுவாகவே உள்ளே போய்விட்டது. இன்றைக்கு நான் அதிகம் கேட்பது அவரைத்தான். தள்ளிவிடும் வசதி அன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு எம்.எஸ்.வி. கிடைத்திருக்க மாட்டார்.

அந்த எதிர்க் கட்டில்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பேரைச் சொல்லாதே என்றான், சொல்லவில்லை.

அவன் விரல் சும்மா இருக்காது. இரும்புக் கட்டில் சட்டம், மெஸ் தட்டு, லேப் மேஜை, எதிலும் தட்டிக்கொண்டே இருப்பான். சாதாரணத் தட்டு இல்லை, காலை இழுக்கும். "எங்கேடா கத்துக்கிட்டே?" என்றால், "சும்மாதான்" என்பான். முதல் வருஷம் ஒருதரம் அவன் அப்பா பார்க்க வந்தார். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். அவர் ஊரில் பறை அடிப்பவர். சாவுக்கும் கோயில் கொடைக்கும் அடிப்பவர். எங்களுக்கு அது தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். மூன்று வருஷமும் தெரியாத மாதிரியே இருந்தோம். நல்லெண்ணத்தில்தான் கேட்காமல் இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வானொலியில் கிராமியப் பாட்டுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொல்லங்குடி கருப்பாயி அம்மா சினிமாவுக்கு வரும் முன்பே ஆல் இந்தியா ரேடியோவில் பாடியவர். ஆனால் 15 பைசா கார்டில் நேயர் விருப்பம் எழுதிப்போட்ட நாங்கள் யாரும் எதிர்க் கட்டில்காரனின் அப்பா அடிக்கிற அடியைக் கேட்டு எழுதவில்லை. அது 'பாட்டு' என்ற கணக்கிலேயே வரவில்லை.

படிப்பு முடிந்தது, கேசட் காலம் வந்தது. அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன், இங்கிருக்கும் பாதிப் பேர் அதில் வாழ்ந்தவர்கள். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, சி-90 வெற்று கேசட் வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருப்போம். கடைக்காரர் லிஸ்டைப் பார்த்து, "தம்பி, நாலாவது பாட்டு வேண்டாம், இதோட சேராது. நான் ஒண்ணு போட்டு வைக்கிறேன், கேட்டுப் பாருங்க" என்பார். பெரும்பாலும் அவர் போட்டதுதான் நன்றாக இருக்கும். 'நீங்கள் இதையும் விரும்பலாம்' என்று இன்று போன் சொல்கிறதே, அந்த வேலையை அன்று அவர் செய்தார். வித்தியாசம், போன் சொல்வது பிடிக்கவில்லை என்றால் போய்ச் சண்டை போட முடியாது.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் தொடங்கியது. நம்ம பக்கத்துக்கு வந்து சேர இன்னும் சில வருஷம். மோடம் கத்தும், பிறகு ஒட்டும். ஒரு பாட்டு நாலு எம்.பி. என்றால் இறங்க அரை மணி நேரம். அதற்குள் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் முதலிலிருந்து. எங்களுக்கு வரும் புகாரில் பாதி, லைன் கெட்டுப்போனது இல்லை, பையன் பாட்டு இறக்குவது. 'போன் எப்பவும் எங்கேஜ்டாவே இருக்கு, வந்து பாருங்க' என்று அப்பாக்கள் எழுதிக் கொடுப்பார்கள். போய்ப் பார்த்தால் உள் அறையில் 'அலைபாயுதே' தொண்ணூறு சதவீதத்தில் நிற்கும். இரண்டு தடவை, அது முடியும் வரைக்கும் நான் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இலாகா மன்னிக்கட்டும். (கைதட்டல்)

கவனியுங்கள், அந்தக் கட்டத்தில் இணையம் ரசனையைப் பிரிக்கவில்லை. தேடினது கிடைத்தது, அவ்வளவுதான். 2011 நவம்பரில் 'வொய் திஸ் கொலவெறி டி' வந்ததே, நாடு முழுக்க ஒரே வாரத்தில் முணுமுணுத்தது. அனிருத்துக்கு முதல் படம், படமே வரவில்லை, அடுத்த மார்ச்சில்தான் வந்தது. எந்த இலங்கை வானொலியாலும் ஒரு தமிழ்ப் பாட்டை ஒரே வாரத்தில் டில்லிக்குக் கொண்டுபோக முடிந்திருக்காது. 'ரௌடி பேபி' 2020-ல் யூடியூபில் நூறு கோடி தடவையைத் தாண்டியது. அப்படியென்றால் நேற்று ராத்திரி எட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒரு பாட்டு ஏன் இல்லை?

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நூறு கோடி தடவை என்பது நூறு கோடிப் பேர் இல்லை. நூறு கோடிப் பேரே என்றாலும் அவர்கள் சேர்ந்து கேட்டவர்கள் இல்லை. காலை எட்டு மணிக்கு ரேடியோவில் ஒரு பாட்டு வந்தால், அதே நொடியில் பக்கத்து வீட்டிலும் அடுத்த ஊரிலும் அது ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கை தெரியாது, ஆனால் தெரியும். வகுப்புக்குப் போனதும் "காலைல கேட்டியா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். இன்று எண்ணிக்கை துல்லியமாகத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவன் கேட்டானா என்பதுதான் தெரிவதில்லை. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானது, ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஜோடி காதுக்கருவி. தேடுவதும் நின்றுபோனது. நேற்று எதைக் கேட்டாயோ அதைப் பார்த்து நாளைக்கு உனக்கு எடுத்துவைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. கானா கேட்டவனுக்கு மேலும் கானா, கொரியா கேட்டவளுக்கு மேலும் கொரியா. நடுவில் ஒரு எம்.எஸ்.வி.யை வலுக்கட்டாயமாக நுழைக்க ஆள் கிடையாது.

ஆனாலும் திடீர் திடீரென்று எங்கிருந்தோ வருகிறது. 2024-ல் ஒரு மலையாளப் படம் வந்தது, 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. அதில் 1991-ல் வந்த நம்ம 'குணா' பாட்டு. தியேட்டரில் என் மருமகள் அழுகிறாள், பக்கத்தில் இருபது வயசுப் பையன்கள் வரி தப்பாமல் கூடவே பாடுகிறார்கள். நான் 'குணா' வந்த வருஷம் பார்த்தவன், அன்றைக்கு அது பெரிதாக ஓடவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்து, கேரளா வழியாகச் சுற்றி வந்து, அது பொதுச் சொத்தாகிவிட்டது. ஆகவே, எல்லாம் போச்சு என்று புலம்ப நான் தயார் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2019 பொங்கலுக்கு மறுநாள் எதிர்க் கட்டில்காரன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ ஒரு ஊர்க் கல்லூரி வளாகம். ஆணும் பெண்ணுமாக மாணவர்கள், இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு பறை அடித்து ஆடுகிறார்கள். கீழே ஒரே வரி: "எங்க அப்பா அடிச்ச அடி இதான்." நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. நான் உடனே போன் பண்ணினேன். ஒரு மணி நேரம் பேசினோம். அப்பா செத்தபோது யார் யார் வந்து அடித்தார்கள், அடிப்பதற்குத் தன்னைக் கூப்பிட்டபோது தான் ஏன் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றான், எல்லாம் சொன்னான்.

இதெல்லாம் இணையம் மட்டும் செய்ததில்லை. பல வருஷமாகப் பல பேர் போராடிச் செய்தது. ஆனால் அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்த வழி அதுதான். 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' படத்தில் வராமல் நேரே யூடியூபில் வந்தது. பாட்டி பூட்டன் கதையைச் சொல்லும் அந்தப் பாட்டை உலகமே கேட்டது. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவன்தான் முதலில் எனக்குச் செய்தி அனுப்பினான். சாவி காப்பாளர் கையில் இருந்த காலத்தில் இதெல்லாம் நடந்திருக்குமா?

இதை அவனிடமே கேட்டேன். "அப்போ அந்த ரேடியோ நமக்குக் கெடுதல்தானா?" யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்படிச் சொல்லாதே. அந்த ரேடியோ முன்னாடி உக்காந்திருந்தப்போ ஒருத்தனும் என் ஊர் என்ன, தெரு என்னன்னு கேக்கல. பாட்டுத் தெரியுமா, தெரியாதா, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் எனக்குப் போதுமா இருந்துச்சு." நான் தயார் பண்ணிக்கொண்டு வந்த நாலு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை.

சரி, நேற்று ராத்திரிக்கு வருகிறேன். பன்னிரண்டரை ஆகிவிட்டது. பாட்டு முடிவாகவில்லை. நம்ம கல்லூரியில் இப்போது ஒரு பறைக் குழு இருக்கிறது. அதில் இருக்கும் ஒரு தம்பி, போரடித்தானோ என்னவோ, வராந்தாவில் உட்கார்ந்து காலை நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான். உங்களை வரவேற்க அடிப்பதாக இருந்த அடி. நல்ல கை. எதிர்க் கட்டில்காரன் எழுந்து போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, இதை எங்கே கத்துக்கிட்டே?"

"கொஞ்சம் வாத்தியார்கிட்ட, மீதி யூடியூப் பாத்துதான் அங்கிள்."

"நல்லா வருது. ஆனா இது எதுக்கு அடிக்கிறதுன்னு தெரியுமா?"

பையன் முழித்தான்.

"எங்க ஊர்ல பிணத்தைத் தூக்கிக்கிட்டுத் தெரு முக்குத் திரும்பும்போது அடிக்கிறது. இதைப் போய் வரவேற்புக்கு அடிக்கிறீங்களே, வர்றவங்க எல்லாம் அறுபது தாண்டினவங்க!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பையனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, முகம் வாடிவிட்டது. வீடியோவில் அடி இருந்திருக்கிறது, எந்த ஊர், எந்த வேளை, யாருக்கு என்பது இல்லை. அவன் பறையை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "காய்ச்ச வேண்டாமா?" என்றான். "ஃபைபர் அங்கிள், காய்ச்ச வேண்டாம்." அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. தோல் பறையென்றால் தீயில் காட்டி, காட்டி, கேட்டு, மறுபடி காட்டி, சத்தம் ஏறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவன் அப்பா எந்த அடி எதற்கு என்று சொல்லித் தருவாராம். அப்பாவிடம் எட்டு வயது வரைக்கும்தான் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் பள்ளிக்கூட விடுதி.

"உங்களுக்கு எத்தனை அடி தெரியும்?" என்று அந்தக் கொரியப் பாட்டுத் தங்கச்சி கேட்டாள். அவன் விரலை மடக்கி எண்ணினான். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். எட்டுப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். இது கல்யாணத்துக்கு, இது கொடைக்கு, இது தண்டோராவுக்கு, இது மாட்டை விரட்ட. வெறும் பீட் போதும் என்றானே ஒரு தம்பி, அவன் போனில் பதிவு பண்ணிக்கொண்டே இருந்தான். "இதைப் போடுறப்போ எந்த அடி எதுக்குன்னு கீழே எழுதிப் போடு" என்று இவன் மிரட்டினான். நான் இரண்டு மணிக்குப் படுக்கப் போனேன். அப்போதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பாளர் வந்து சத்தம் போடுவாரோ என்று பயந்தேன். வந்தார், அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிவாகவில்லை, இப்போதும் முடிவாகவில்லை. ஆகவே நிகழ்ச்சி நிரலில் 'சேர்ந்திசை' என்று அச்சடித்திருப்பதை அடித்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுங்கள். ஐந்தரைக்கே வந்தால் இன்னும் நல்லது, தீ மூட்டுவது அப்போதுதான். அவன் ஊரிலிருந்து தோல் பறை இரண்டு காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டது, வைக்கோல் மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்தில் யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.